சின்னண்ணனின் இடது கை

1938ஆம் வருஷம் ஐப்பசி மாதம். மழை விட்டிருந்த ஒரு காலையில், சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருந்த எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒருவர் வந்து, தன் இடது கையை வெட்டி எடுத்துவிடும்படி கேட்டார்.

நான் அங்கே கம்பவுண்டராக இருந்தேன். கையில் புண்ணோடு வருகிறவர்கள் எல்லோரும் கையை எப்படியாவது காப்பாற்றிக் கொடுங்கள் என்றுதான் கெஞ்சுவார்கள். வெட்டச் சொல்லிக் கேட்டவரை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

வந்தவர் பெயர் சின்னண்ணன். திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே மல்லசமுத்திரம் போகிற பாதையில் செங்கரட்டுப்புதூர் என்ற சிற்றூர். வயது நாற்பத்து நான்கு என்றார். பார்த்தால் ஐம்பதுக்கு மேல் சொல்லலாம். நிலக்கடலை மூட்டைகளை வண்டியில் ஏற்றிச் சேலம் மண்டிக்குக் கொண்டுவருவது அவர் தொழில். வலது கை ஒன்றாலேயே இரண்டு மாட்டையும் அடக்கி ஓட்டுவார். இடது கையில் சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் உள்ளங்கைக்குள் மடங்கி அப்படியே நின்றுபோயிருந்தன. உள்ளங்கையின் நடுவில் ஒரு தழும்பு, புறங்கையில் இன்னொரு தழும்பு. ஒரு வாரத்துக்கு முன் நுகத்தடி விழுந்து முழங்கையின் கீழே அடிபட்டிருக்கிறது. அந்த இடம் இப்போது பழுத்த பப்பாளி போல வீங்கிச் சிவந்து கிடந்தது.

கூட வந்திருந்த மனைவி குஞ்சம்மாள் அவரைப் பேசவே விடவில்லை.

"அவரு சொல்றதக் கேக்காதீங்க சாமி. கையை எடுக்கவெல்லாம் வேண்டாம். சீழை மட்டும் எடுத்துக் குடுங்க."

"எடுத்தே போட்ருங்க டாக்டருங்களே," என்றார் சின்னண்ணன், தரையைப் பார்த்தபடி. "இது இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

எங்கள் டாக்டர் சுப்பையன் அதிகம் பேசமாட்டார். வீக்கத்தைத் தொட்டுப் பார்த்தார், உள்ளங்கைத் தழும்பைத் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன பழைய காயம்?"

"பஸ்ரா சண்டையில பட்டதுங்க," என்றாள் குஞ்சம்மாள்.

சின்னண்ணன் சட்டென்று நிமிர்ந்தார். "அப்படிச் சொல்லாத. தெரியாததச் சொல்லாத."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "படம் எடுக்கலாம்," என்றார்.

மேட்டூர் கரண்ட் ஊருக்கு வந்த அடுத்த வருஷம் அது. டாக்டர் பெரும் செலவில் எக்ஸ்ரே மெஷின் ஒன்றை இறக்கியிருந்தார். அதன் முன்னால் கையை வைக்கச் சொன்னால் பலர் பயந்து ஓடிவிடுவார்கள். சின்னண்ணன் யாருடைய கையையோ வைப்பது போலத் தன் கையை எடுத்து வைத்தார்.

அந்தக் கையின் கதையை, பிறகு கட்டு மாற்றிய பதினெட்டு நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக அவர் என்னிடம் சொன்னார். அவர் விட்டதைக் குஞ்சம்மாள் சொன்னாள்.

சின்னண்ணனுக்குத் தகப்பனார் சிறுவயதிலேயே போய்விட்டார். சொந்தக் காடு கிடையாது. பண்ணையத்துக்கு ஆள் வேலை, வெள்ளாடு மேய்ப்பு, கிணறு வெட்டுகிற இடத்தில் மண் சுமப்பது என்று வளர்ந்தவர். அதே ஊரில் கருப்பண்ணன் என்று ஒரு கூட்டாளி. கருப்பண்ணனுக்குத் தாய் தகப்பன் இருவருமே இல்லை. அக்கா அத்தாயிதான் வளர்த்தாள். அத்தாயி கல்யாணம் ஆகி அதே ஊரில் அடுத்த தெருவில் வாக்கப்பட்டபோது, தம்பியையும் கூடவே அழைத்துக்கொண்டு போனாள். புருஷன் வீட்டார் முணுமுணுத்தார்கள்; அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1916இல் மழை பொய்த்தது. சோளத்தட்டு கூட மிஞ்சவில்லை. திருச்செங்கோட்டுச் சந்தையில் தமுக்கு அடித்துப் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். மூன்று வேளைச் சோறு, உடுப்பு, பூட்ஸு. கருப்பண்ணன்தான் முதலில் பேர் கொடுத்தான். "நீ வாரியா, நான் மட்டும் போகட்டா?" என்று கேட்டான். சின்னண்ணனும் பேர் கொடுத்தார். இருவருக்கும் அப்போது இருபத்திரண்டு வயது.

புறப்படுகிற அன்றைக்கு அத்தாயி சந்தை வரைக்கும் நடந்து வந்தாள். தம்பியிடம் ஒன்றும் சொல்லாமல் சின்னண்ணனிடம் சொன்னாள்: "உன்னை நம்பித்தான் அனுப்பறேன். அவன் வெளையாட்டுப்புள்ள."

துருக்கிக்காரரோடு சண்டை போட, பம்பாயில் கப்பல் ஏறி ஈராக் தேசத்துப் பஸ்ராவில் இறங்கினார்கள். அங்கிருந்து ஆற்றோரமாகவே மேலே மேலே போனார்கள். வெயில் காலத்தில் மூளை உருகுகிற வெயில். பனிக்காலத்தில் விரல் விறைக்கிற குளிர். சுற்றிலும் இருந்தவர்கள் பேசிய இந்துஸ்தானி இருவருக்கும் ஏறவே இல்லை. அதிகாரி என்ன கேட்டாலும் விறைப்பாக நின்று "ஜி சாப்", அதாவது "ஆமாங்க ஐயா", என்று சொல்ல வேண்டும் என்பது மட்டும் பழகிவிட்டது.

1917 மாசியில் ஒரு விடியற்காலை. ஆற்றைத் தாண்டுகிற சண்டை நடந்துகொண்டிருந்தது. முன்வரிசைக் குழியில் இருந்தவர்களுக்குத் தோட்டாப் பெட்டி கொண்டுபோகச் சின்னண்ணனையும் கருப்பண்ணனையும் அனுப்பினார்கள். மூடுபனி. கருப்பண்ணன் நாலு தப்படி முன்னால் போனான். சின்னண்ணனுக்கு அன்றைக்கு ஏனோ தாங்க முடியாத பயம். மாரியாத்தா, எப்படியாவது என்னை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு, கையோ காலோ எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே நடந்தார். கருப்பண்ணன் திரும்பி, "பெட்டியைத் தோளு மாத்திக்கறனப்பா, நில்லு," என்றான்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவருக்கு நினைவு இல்லை.

கண் விழித்தபோது ஆற்றில் போகிற ஆஸ்பத்திரிப் படகில் கிடந்தார். இடது கை முழுக்கக் கட்டு. கருப்பண்ணன் செத்துப்போனான் என்று ஒரு சிப்பாய் சைகையில் சொன்னான். நாலாம் நாள் ஓர் அதிகாரி வந்து உட்கார்ந்து இந்துஸ்தானியில் ஏதேதோ கேட்டு எழுதிக்கொண்டார். கேட்டதற்கெல்லாம் சின்னண்ணன் "ஜி சாப்" என்றார். காயம் ஆறியதும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கையில் இங்கிலீஷில் ஒரு காகிதம்.

ஊர் வந்து சேர்ந்ததும் அவர் செய்த முதல் காரியம், அந்தக் காகிதத்தைப் பள்ளிக்கூட வாத்தியாரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னது. மாரியம்மன் கோயில் முன்னால் ஊரே கூடியிருந்தது. பஸ்ராவுக்குப் போய் வந்தவரைப் பார்க்க அத்தாயியும் வந்து நின்றாள். அவள் கேட்பதற்காகவே, தம்பியைப் பற்றி அதில் ஏதாவது நல்ல வார்த்தை எழுதியிருப்பார்கள் என்று நம்பித்தான் சின்னண்ணன் அதை நீட்டினார். வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு தரம் மனசுக்குள் படித்தார். பிறகு வாய்விட்டுப் படிக்காமல் மடித்தார். கூட்டத்தில் யாரோ "படிங்க வாத்தியாரே" என்று சத்தம் போட்டார்கள். அவர் வேறு வழியில்லாமல் படித்துத் தமிழில் சொன்னார்:

"இடது கையில் துப்பாக்கிக் காயம். எதிரியால் அல்ல. தன்னைத்தானே சுட்டுக்கொண்டதாகச் சந்தேகம். சிப்பாயின் துப்பாக்கியில் வெடித்த தோட்டா இருந்தது."

எல்லோரும் சின்னண்ணன் முகத்தையே பார்த்தார்கள், அவர் "பொய்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவார் என்று. அவர் சொல்லவில்லை.

"ஏன் அண்ணா சொல்லலே?" என்று கட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டே ஒருநாள் கேட்டேன்.

"எனக்கே தெரியாதே தம்பி. அன்னிக்கு அவ்வளவு பயந்தேன். ஊருக்குப் போனாப் போதும்னு வேண்டிக்கிட்டேன். கையை எடுத்துக்கன்னு வேண்டிக்கிட்டேன். அப்பறம் பாத்தா கையில ஓட்டை, துப்பாக்கியில வெடிச்ச தோட்டா. நான் சுடலேன்னு நான் எப்படிச் சொல்றது?"

இருபத்தொரு வருஷம் அந்த மனிதர் சுமந்துகொண்டு திரிந்தது இதைத்தான். பிறர் சொல்லும் பழியாக இருந்தால் எதிர்த்துப் பேசலாம். அவருக்கோ தன் மீதே சந்தேகம்.

ஊரில் அவருக்கு "சுட்டகையன்" என்று பேர் வைத்தார்கள். நேரில் சொல்லமாட்டார்கள், முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள், ஆனால் காதில் விழுகிற மாதிரி சொல்வார்கள். அத்தாயி அன்றைக்குத் திரும்பிப் போனவள்தான். தம்பி அங்கே உயிரோடு கிடந்து கூப்பிட்டிருப்பான், இவன் கையைச் சுட்டுக்கொண்டு விட்டுவிட்டு வந்துவிட்டான் என்று அவள் மனசில் பட்டுவிட்டது. சின்னண்ணன் எதிரே வந்தால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவாள். ஒரே கிணற்றில்தான் இரண்டு வீட்டுக்கும் தண்ணீர். இருபத்தொரு வருஷத்தில் ஒரு வார்த்தை இல்லை.

அவருக்குப் பெண் கொடுக்கவும் யாரும் முன்வரவில்லை. குஞ்சம்மாள் ஆட்டையாம்பட்டிப் பக்கத்துப் பெண். அவள் தகப்பனார் ஏழை. மாப்பிள்ளையைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகச் சொன்னபோது, குஞ்சம்மாளே கதவுக்குப் பின்னால் இருந்து சொன்னாளாம்: "சுட்டுக்கிட்டே வந்திருக்கட்டும். உசிரோட வந்தாரில்ல?"

அதை அவள் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆனால் கல்யாணம் ஆகிக் கொஞ்ச நாளிலேயே அவளுக்கு ஒன்று நிச்சயமாகிவிட்டது. "தூக்கத்துல ஒரு எறும்பு கடிச்சாக்கூட ஆத்தாடின்னு எந்திரிக்கற ஆளுங்க இவரு. இவரு தன் கையைச் சுடுவாருங்களா?"

அவள் அதை எத்தனை தரம் சொன்னாலும் அவர் நம்பவில்லை.

படம் எடுத்த அன்று மாலையே டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். எக்ஸ்ரே பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். எலும்பெல்லாம் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. முழங்கைக்குக் கீழே, இரண்டு எலும்புகளுக்கும் நடுவில், வெள்ளைவெளேரென்று ஒரு வட்டம். வட்டம் என்றால் காம்பஸ் வைத்துக் கீறியது போன்ற வட்டம்.

"இங்கே ஒரு சின்னத் தழும்பு இருக்கிறதே, இது எப்போது பட்டது?" என்று டாக்டர் முழங்கையின் வெளிப்பக்கத்தைக் காட்டினார்.

"அது விழுந்தப்பச் சிராய்ச்சதுன்னு படகுல சொன்னாங்க."

"யாராவது உள்ளே பார்த்தார்களா?"

"இல்லீங்க. அங்கெ ஆளு மேல ஆளு கெடந்தாங்க. இதையெல்லாம் யாரு பாக்கறது?"

மறுநாள் காலை அறுவை நடந்தது. டாக்டர் சீழை வடித்துவிட்டுக் இடுக்கியை உள்ளே விட்டு எதையோ பிடித்து இழுத்து, பீங்கான் தட்டில் போட்டார். அது உருண்டு போய் ஓரத்தில் இடித்து நின்றது. நான் கழுவித் துடைத்தேன். ஓர் ஈய உருண்டை. பெரிய இலந்தைக் கொட்டை அளவு இருந்தது. ஒரு பக்கம் கொஞ்சம் நசுங்கியிருந்தது.

சின்னண்ணனுக்கு மயக்கம் நன்றாகத் தெளிந்த பிறகு டாக்டர் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் எந்த நோயாளி பக்கத்திலும் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"பட்டாளத்தில் உங்களுக்குக் கொடுத்த துப்பாக்கித் தோட்டா எப்படி இருக்கும்?"

"நீளமா இருக்கும் சாமி. முனை கூரா இருக்கும்."

"இது எப்படி இருக்கிறது?"

சின்னண்ணன் வலது உள்ளங்கையில் உருண்டையை வாங்கிப் பார்த்தார். "கோலிக்குண்டாட்டம் இருக்குதுங்க."

"இந்த மாதிரி உருண்டையை உங்கள் துப்பாக்கியில் போட முடியுமா?"

"முடியாதுங்க."

"எந்தச் சிப்பாயின் துப்பாக்கியிலும் போட முடியாது. இது பீரங்கிக் குண்டுக்குள் இருப்பது. ஒரு குண்டுக்குள் இந்த மாதிரி உருண்டைகள் இருநூறு, முந்நூறு அடைத்திருப்பார்கள். தலைக்கு மேல் வெடித்து மழை மாதிரி கொட்டும். ஒன்று உங்கள் உள்ளங்கை வழியாகப் புகுந்து வெளியே போய்விட்டது. இன்னொன்று முழங்கையில் நுழைந்து உள்ளேயே தங்கிவிட்டது. அதை யாரும் பார்க்கவில்லை. கையில் இருந்த ஓட்டையை மட்டும் பார்த்துவிட்டு ஒருவர் அவசரத்தில் ஏதோ எழுதிவிட்டார்."

சின்னண்ணன் உருண்டையைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார்.

"அப்ப நான் சுடலீங்களா?"

"இல்லை."

"நான் சுட்டுக்கலீங்களா?"

"சுடவில்லை."

மூன்றாம் தரமும் கேட்டார். டாக்டர் பொறுமையாக மூன்றாம் தரமும் சொன்னார். அப்போதுதான் அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை இழுத்து வெகு நீளமாக விட்டார். கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்த குஞ்சம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். அழுகை நின்றதும் கோபம் வந்துவிட்டது.

"நான் சொன்னப்பவெல்லாம் நம்பலே. இப்ப ஒரு உருண்டை சொன்னாத்தான் நம்புவீங்களா?"

அவருக்கு அது போதுமாக இருந்தது. தனக்குத் தெரிந்துவிட்டது, இனிமேல் ஊர் என்ன சொன்னால் என்ன என்று பேசாமல் வண்டி ஓட்டப் போயிருப்பார். குஞ்சம்மாள் விடவில்லை. "காகிதத்துல எழுதுனதக் காகிதத்துலதான் அழிக்கோணும்," என்றாள். டாக்டருக்கும் அதே எண்ணம். பழைய சிப்பாய்களின் குறைகளைக் கேட்கும் அலுவலகத்துக்கு இங்கிலீஷில் நீண்ட கடிதம் எழுதினார். எக்ஸ்ரே விவரம், அறுவை விவரம் எல்லாம் வைத்தார்.

ஒரு மாதம் கழித்து நாலு வரியில் பதில் வந்தது. சம்பவம் நடந்து வெகுகாலம் ஆகிவிட்டது, சாட்சியும் இல்லை, எனவே பரிசீலிக்க இயலாது. டாக்டர் காகிதத்தை மேஜை மேல் வீசிவிட்டு, அன்று மாலையே முன்னதைவிட நீளமாக இன்னொரு கடிதம் எழுதினார். அதற்குப் பதில் வரவில்லை. மூன்றாவதை எழுதினார். மறுவருஷம் பங்குனியில் சேலத்தில் நடக்கும் முகாமுக்கு ஆளை நேரில் வரச் சொல்லி உத்தரவு வந்தது.

டாக்டர் பிலிமையும் உருண்டையையும் என்னிடம் கொடுத்துக் கூட அனுப்பினார். அதனால் அங்கே நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

வேப்பமரத்தடியில் மேஜை போட்டு ஒரு வெள்ளைக்காரக் கேப்டன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர், வெள்ளியங்கிரி என்று பேர். வெள்ளை மீசை, மார்பில் மெடல்கள். கேப்டன் கேட்பதைத் தமிழில் சொல்வதும், நாம் சொல்வதை இங்கிலீஷில் சொல்வதும் அவர் வேலை. பேச்சைக் கேட்டதுமே அவரும் நம் பக்கத்து ஆள்தான் என்று தெரிந்துவிட்டது.

சின்னண்ணன் துவைத்த வேட்டியும் துண்டுமாக விறைப்பாக நின்றார். காலில் செருப்பு இல்லை. குஞ்சம்மாள் எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேப்டன் பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். சுபேதார் தமிழில் சொன்னார்: "அன்னிக்கு உன்னை நீயே சுட்டுக்கலேன்னு கடவுள் மேல சத்தியம் பண்ணுவியான்னு கேக்கறாரு."

எனக்கு நிம்மதியாக இருந்தது. இதோ சத்தியம் செய்துவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன்.

"சத்தியம் பண்ண மாட்டனுங்க," என்றார் சின்னண்ணன்.

சுபேதார் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன்?"

"எனக்கு அந்த நேரத்து நெனவே இல்லீங்க. பெட்டியைத் தோளு மாத்தறேன், நில்லுன்னு கருப்பண்ணன் சொன்னான். அது வரைக்கும்தான் தெரியும். தெரியாதத நான் எப்படிங்க சத்தியம் பண்றது?"

சுபேதார் அதை இங்கிலீஷில் சொன்னார். கேப்டன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முதல் தரமாகச் சின்னண்ணனை நிமிர்ந்து பார்த்தார். நான் அந்தச் சமயம் பார்த்து டப்பியைத் திறந்து உருண்டையை மேஜை மேல் வைத்தேன். சுபேதார் அதை எடுத்தார். கட்டைவிரலால் உருட்டினார். நசுங்கிய பக்கத்தைத் தடவினார். அவர் முகம் மாறியது. கேப்டனிடம் அதைக் கொடுத்து மெதுவாக ஏதோ சொன்னார். கேப்டனும் உருட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஆனால் பதிவில் ஒரு வரியின் மேல் விரலை வைத்துக் காட்டினார்.

"துப்பாக்கியில வெடிச்ச தோட்டா இருந்துச்சே, அது ஏன்னு கேக்கறாரு," என்ற சுபேதார், பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தானே கேப்டன் பக்கம் திரும்பி இங்கிலீஷில் சொன்னார். பிறகு எங்களுக்காகத் தமிழிலும் சொன்னார்: "சண்டைக்குப் போன சிப்பாயோட துப்பாக்கியில வெடிச்ச தோட்டா இல்லாம வேற என்ன இருக்கும்னு சொன்னேன்."

கேப்டன் விடவில்லை. அடுத்த வரியைக் காட்டினார். விசாரித்த அதிகாரியிடம் சிப்பாய் தானே ஒப்புக்கொண்டான் என்று அதில் எழுதியிருந்தது.

"அவரு என்ன கேட்டாரு உங்கிட்ட?" என்றார் சுபேதார்.

"இந்துஸ்தானியில ஏதோ கேட்டாருங்க."

"நீ என்ன சொன்னே?"

"ஜி சாப்னு சொன்னனுங்க."

"எதுக்கு?"

"கேட்டதுக்கெல்லாமுங்க."

சுபேதாரின் மீசை துடித்தது. எழுந்து நின்று, அதிகாரி போலக் குரலை உயர்த்தி, இந்துஸ்தானியில் ஒரு கேள்வியைச் சின்னண்ணன் முகத்துக்கு நேரே வீசினார். சின்னண்ணன் குதிகாலைச் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி, "ஜி சாப்!" என்றார்.

கேப்டனுக்கும் அந்தப் பாஷை தெரியும் போலிருக்கிறது. வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"நான் என்ன கேட்டேன் தெரியுமா?" என்றார் சுபேதார். "நீ என்ன எருமை மாடான்னு கேட்டேன்."

எட்ட நின்ற குஞ்சம்மாள் சிரித்துவிட்டாள். நான் சிரித்தேன். கடைசியில் சின்னண்ணனும் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். கேப்டன் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். வெகுநேரம் எழுதினார். எழுதி முடித்து எழுந்து நின்று, மேஜைக்கு மேல் கையை நீட்டி, சின்னண்ணனின் மடங்கிய இடது கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கிளம்பும்போது சின்னண்ணன் சுபேதாரிடம் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "நம்ம கருப்பண்ணன் கஷ்டப்பட்டிருப்பானுங்களா?"

சுபேதார் திருப்பிக் கேட்டார்: "உனக்கும் அவனுக்கும் எவ்வளவு தூரம்?"

"நாலு தப்படிங்க. அவன் முன்னால."

"நான் பாக்கலே. அதனால உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா தலைக்கு மேல வெடிச்சது உனக்கே தெரியலே. ஒரு சத்தம்கூடக் கேக்கலே. உனக்கு முன்னால போனவனுக்கு என்ன தெரிஞ்சிருக்கும்?" என்று சொல்லிச் சின்னண்ணன் தோளைத் தட்டினார். "போயி அவன் ஊட்டுல சொல்லு."

வைகாசியில் ஆஸ்பத்திரிக்குப் புதிய காகிதம் வந்தது. "1917, போர்க்களத்தில், எதிரியின் பீரங்கிக் குண்டினால் இடது கையில் ஏற்பட்ட காயம்" என்று அதில் இருந்தது. காயத்துக்கான பென்ஷனும் அன்று முதல் வர ஆரம்பித்தது. டாக்டர் வரி வரியாகப் படித்துத் தமிழில் சொன்னார். சின்னண்ணன் அந்த வரியை மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். ஊரைக் கூட்டி, வாத்தியாரை விட்டுச் சத்தமாகப் படிக்கச் சொல்ல வேண்டும் என்று குஞ்சம்மாள் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனாளாம். அவர் வண்டியைக் கோயில் பக்கம் திருப்பவே இல்லை. நேராக அத்தாயியின் காட்டுக்கு ஓட்டினார்.

அத்தாயி அப்போது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தாள். புருஷன் போய் இரண்டு வருஷம். கோடை உழவு போட்ட காட்டில் குனிந்து கோரைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தவள், வண்டிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். வந்தது யார் என்று தெரிந்ததும் முந்தானையை இழுத்துக்கொண்டு திரும்பினாள்.

"அக்கா, நில்லுங்க," என்றார் சின்னண்ணன்.

அவள் நின்றாள், திரும்பவில்லை.

அவர் அவள் முதுகைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னார். மூடுபனி, தோட்டாப் பெட்டி, தான் பயந்தது, மாரியாத்தாளிடம் வேண்டிக்கொண்டது, ஒன்றையும் மறைக்கவில்லை. கருப்பண்ணன் கடைசியாகச் சொன்னதைச் சொன்னார். கையிலிருந்து எடுத்த உருண்டையைப் பற்றிச் சொன்னார். சுபேதார் சொன்னதைச் சொன்னார்.

"ரெண்டு பேரு மேலயும் ஒரே குண்டுதானுங்க அக்கா வெடிச்சுது. நான் அவன உட்டுட்டு ஓடல. இத்தன நாளும் எனக்கே அது தெரியல. இப்பத்தான் தெரிஞ்சுது. தெரிஞ்சதும் உங்ககிட்ட வாரேன்."

அத்தாயி மெல்லத் திரும்பினாள். "கூப்பிட்டானா? அக்கான்னு கூப்பிட்டானா?"

"கூப்பிட நேரமே இருந்திருக்காதுங்க."

"வலிச்சிருக்காதா?"

"எனக்கே ஒண்ணும் தெரியலீங்க அக்கா. அவன் எனக்கும் முன்னால இருந்தான்."

அவள் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். "இருபத்திரண்டு வருசமா அவன் கத்தற சத்தம் என் காதுல கேட்டுக்கிட்டே இருக்குது," என்றாள். "தண்ணி தண்ணின்னு கத்தறாப்புல. நீ காதுல வாங்காம நடந்து போறாப்புல."

குஞ்சம்மாள் ஓடிப்போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் அழுதுவிட்டு, மூக்கைச் சிந்தி, முகத்தைத் துடைத்துக்கொண்டு அத்தாயி கேட்டாள்: "அதுக்கு முந்தின நாளு சாப்பிட்டானா?"

"சாப்பிட்டானுங்க. ரொட்டியும் பருப்பும். ரொட்டி செருப்புத் தோலாட்டம் இருக்குது, எங்கக்கா ஆக்கற கம்பஞ்சோத்துக்கு இது ஈடாகுமான்னு திட்டிக்கிட்டே என் பங்குலயும் பாதியத் தின்னுட்டான்."

அத்தாயிக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. "அவன் அப்படித்தான். அடுத்தவன் சோத்துலயும் கை வெக்கற எச்சிக்கையன்," என்றாள். பிறகு எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "வெயில்ல நிக்காதீங்க. ஊட்டுக்கு வாங்க ரெண்டு பேரும். கூழு கரைக்கறேன்," என்றாள்.

அன்றைக்குப் பொழுது சாயும் வரைக்கும் அவர்கள் அங்கேயே இருந்தார்கள். கருப்பண்ணன் கப்பலில் வாந்தி எடுத்தது, ஒட்டகத்தைப் பார்த்துப் பயந்து ஓடியது, ஒரு வெள்ளைக்காரன் தொப்பியைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டு ஆடியது என்று சின்னண்ணன் சொல்லச் சொல்ல அத்தாயி கேட்டுக்கொண்டே இருந்தாள். இத்தனையும் இவருக்குள் இருந்ததா என்று குஞ்சம்மாளே ஆச்சரியப்பட்டாள். அவளிடம்கூட ஒன்றும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு அவர் பேச ஆரம்பித்ததை நிறுத்த முடியவில்லை. சேலம் வரும்போதெல்லாம் மாட்டை மண்டியில் கட்டிவிட்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார். மருந்துக்குக் காத்திருக்கிறவர்களிடம் பஸ்ராவின் பேரீச்சம்பழத்தைப் பற்றியும், ஆற்றில் போகிற வட்டப் பரிசலைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பார். ஊரில் யாராவது பழைய ஞாபகத்தில் "சுட்டகையன்" என்று சொன்னால், "நான் சுடலே, துருக்கிக்காரன் சுட்டான், அதுவும் பீரங்கியில சுட்டான்," என்று நின்று நிதானமாக விளக்கம் சொல்லிவிட்டுத்தான் போவார். சொன்னவனுக்கு ஏன் வாயைத் திறந்தோம் என்று ஆகிவிடும்.

1942இல் ஒருநாள் வந்தவர் இரண்டு மணி நேரம் பேசினார். குஞ்சம்மாள் கடைக்குப் போய்ச் சாமான்கள் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தாள். அப்போதும் அவர் முடிக்கவில்லை.

"ஏனுங்க, பொழுது போகுது. கெளம்பறதா உத்தேசம் உண்டா இல்லையா?"

"இரு புள்ளே, ஒட்டகத்துக்கிட்ட வந்துட்டேன்."

அவள் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு கூடையை இறக்கி வைத்துவிட்டு, பெஞ்சில் அவர் பக்கத்தில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சரி, சொல்லுங்க," என்றாள்.